திதியும் தேதியும்: விழாப் பட்டியலை நிரல்படுத்தும் முறை

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஜினாலயங்களின் விழாக்களையெல்லாம் தொகுத்து, எவரும் கைப்பேசியில் தேடி அறியும்படி ஓர் இணையதளப் பட்டியல் அமைக்க வேண்டும் என்னும் விருப்பம் நம் இளைஞர்களிடையே எழுந்துள்ளது. நல்ல விருப்பம். ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். கணினியின் உள்ளமைப்பை நான் அறியேன். ஆனால் அத்தகைய பட்டியல் ஒன்றை நம்பி ஒருமுறை தவறியவன் என்னும் தகுதி எனக்கு உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தமக்கையார் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். சென்னையில் மகன் வீட்டில் வாழ்கிறார். ஆஷாட மாத நந்தீஸ்வர பூஜையின் நிறைவு நாளில், பிறந்த ஊர் ஜினாலயத்தில் அபிஷேகம் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 2025ஆம் ஆண்டு அவர் என்னைக் கேட்டபோது, நான் ஓர் இணையப் பட்டியலைப் பார்த்து, 'ஜூலை 21' என்று சொன்னேன். அன்று நோன்பிருந்து அவர் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். வந்தவாசிப் பகுதியில் உள்ள எங்கள் ஊரை அடைந்தபோது ஆலயக் கதவு சாத்தியிருந்தது. செய்தி அறிந்து வந்த உபாத்தியாயர், "அம்மா, பூஜை பத்தாம் தேதியே நிறைவாகிவிட்டதே" என்றார். கதவைத் திறந்து விளக்கேற்றி வழிபாடு செய்வித்தார். திரும்பும் வழியில் தமக்கையார் ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, நான் திதியைக் கேட்டேன், நீ தேதியைச் சொன்னாய்."

இத்தவறு எப்படி நேர்ந்தது என்று பின்னர் ஆராய்ந்தேன். 2024ஆம் ஆண்டில் ஆஷாடப் பௌர்ணமி ஜூலை 21 அன்று வந்தது. அவ்வாண்டு அந்நாளைப் பதிந்தவர், 'ஆண்டுதோறும்' என்பதையும் சேர்த்துக் குறித்துவிட்டார். இயந்திரம் அதே தேதியை அடுத்த ஆண்டுக்கும் எழுதிக்கொண்டது. ஆனால் பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள்களே. எனவே 2025இல் அதே பௌர்ணமி பதினொரு நாள் முந்தி, ஜூலை 10 அன்று வந்தது.

அப்படியானால் ஆண்டுக்குப் பதினொரு நாளைக் கழித்துவிட்டால் போதுமே என்பீர்கள். அதுவும் பொருந்தாது. 2026ஆம் ஆண்டில் அதிக மாதம் ஒன்று வருவதால், ஆஷாடப் பௌர்ணமி ஜூலை 29 அன்று அமைகிறது. பத்தொன்பது நாள் பின்செல்கிறது. பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு அதிக மாதங்கள் வரும் என்பது பஞ்சாங்கக் கணக்கு. தமிழ் மாதத்தைக் குறித்தாலும் சிக்கல் தீராது. 2024இல் அந்நாள் ஆடியில் வந்தது. 2025இல் ஆனியிலேயே வந்துவிட்டது. நம் தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. திதியோ சந்திரனைப் பின்பற்றுவது.

ஆகவே, முதல் நெறி இது: விழாவைப் பதியும்போது சந்திர மாதம், பட்சம், திதி ஆகிய மூன்றையுமே நிலையாகப் பதிய வேண்டும். தேதியை ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கம் பார்த்து, அந்தந்த ஊர் ஆலயத்தாரிடம் உறுதிசெய்து எழுத வேண்டும். ஒரு திதி 19 மணி நேரமாகக் குறுகவும் கூடும், 26 மணி நேரமாக நீளவும் கூடும். ஆதலின் எந்நாளில் விழா என்பதை முடிவு செய்ய ஒரு மனிதர் பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டாவது, பட்டியலை அடுக்கும் முறை. அன்று நான் கண்ட பட்டியலில் வேறொரு குறையும் இருந்தது. நகரத்து ஆலயம் ஒன்றில் ஞாயிறுதோறும் நிகழும் பாடவகுப்பே முதல் பன்னிரண்டு வரிகளையும் நிரப்பியிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு வரி. எங்கள் ஊர் விழா மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருந்தது. இன்னொரு பட்டியலிலோ, ஒவ்வொரு நிகழ்ச்சியும் முதன்முதலில் தொடங்கிய நாளை வைத்து அடுக்கியிருந்தார்கள். அதனால் பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மாதச் சொற்பொழிவு எப்போதும் தலைப்பில் நின்றது. நாளை நிகழவிருந்த விழா அடியில் கிடந்தது.

நம் வழிபாட்டு நாள்களை எண்ணிப் பாருங்கள். மாதத்திற்கு இரண்டு அஷ்டமி, இரண்டு சதுர்த்தசி. ஆண்டுக்கு 48 நாள்கள். நந்தீஸ்வரம் ஆண்டுக்கு மூன்று முறை, முறைக்கு எட்டு நாள், மொத்தம் 24. தசலட்சணம் பத்து நாள். இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களுக்கும் ஐந்தைந்து கல்யாணங்கள் என 120. ஓர் ஆலயம் இவற்றை நாளுக்கு ஒரு வரியாகப் பதிந்தால், ஆண்டுக்கு ஒரே விழா எடுக்கும் சிற்றூர் ஆலயம் அந்த வெள்ளத்தில் மூழ்கிப்போகும்.

சொற்களை அடுக்கும் கலையில் நம் முன்னோர் வல்லவர்கள். மண்டல புருடர் சூடாமணி நிகண்டில், பல பொருள் தரும் ஒரு சொற்களை எதுகை முறையில் நிரல்படுத்தினார். ஏட்டைப் புரட்டாமல் மனப்பாடமாகக் கற்ற மாணவனுக்கு அம்முறை எளிதாயிற்று. தேடுபவனுக்கு எது எளிதோ அதுவே நல்ல வரிசை என்பதை அவரிடம் நாம் கற்கலாம். நம் பட்டியலைத் தேடுபவர் யார்? 'அடுத்து எப்போது, எந்த ஊரில்' என்று கேட்கும் குடும்பத்தார். அவர்களுக்காக நான்கு விதிகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, ஒரு விழாவுக்கு ஒரே வரி. எத்தனை முறை வந்தாலும், எத்தனை நாள் நீடித்தாலும், அவ்வரியைத் திறந்தால் மற்ற நாள்கள் உள்ளே விரியட்டும்.

இரண்டு, இன்று நடந்துகொண்டிருப்பது முதலில். பிறகு, அடுத்து வரும் நாளின்படி ஏனையவை. தொடங்கிய ஆண்டு வரிசைக்குக் கணக்கில்லை. நந்தீஸ்வரத்தின் ஐந்தாம் நாளில் தேடுபவருக்கு அது முடிந்த விழாவாகத் தோன்றக் கூடாது.

மூன்று, இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நாளில் வந்தால், அரிதாக வருவது மேலே நிற்கட்டும். வார வகுப்பைத் தவறவிட்டவருக்கு அடுத்த வாரம் உண்டு. ஆண்டு விழாவைத் தவறவிட்டவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

நான்கு, முடிந்த ஆண்டு விழா பட்டியலிலிருந்து மறைந்துவிடக் கூடாது. அடுத்த ஆண்டுத் தேதி உறுதியாகும்வரை, திதியை மட்டும் காட்டி, 'தேதி பின்னர்' என்று எழுதிவைக்கலாம். தவறான தேதியைவிட அது நேர்மையானது.

இவையெல்லாம் சிறு செய்திகள் அல்லவா என்று கேட்கலாம். நம் சிற்றூர்களின் நிலையை நீங்கள் அறிவீர்கள். பல ஊர்களில் நிலையாக வாழும் சமணக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்றவர்கள் வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் நகரங்களுக்குச் சென்றுவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அவ்விழா நாளில்தான் உறவினர் ஒன்றுகூடுகிறோம். பேரப்பிள்ளைகள் ஊரின் மூலவர் யார் என்று அறிகிறார்கள். ஆலயத் திருப்பணிக்கு வழி பிறக்கிறது. அந்த ஒரு வரி மூன்றாம் பக்கத்தில் ஒளிந்தால், அல்லது பதினொரு நாள் பிழைத்தால், அந்த ஊருக்கு ஓராண்டே வீணாகிவிடும்.

எனவே, அன்பர்களே, இன்றே ஒரு பணியைத் தொடங்குவோம். ஒவ்வோர் ஊரிலும் மூத்தோர் ஒருவரும் இளையோர் ஒருவரும் அமர்ந்து, தம் ஆலய விழாக்களை மாதம், பட்சம், திதியுடன் ஒரு தாளில் எழுதி அறக்கட்டளையிடம் ஒப்படையுங்கள். திதியைச் சொல்ல மூத்தோர் இருக்கிறார்கள். தேதியாக்கி அடுக்க இளையோர் இருக்கிறார்கள். எங்கள் ஊர்த் தாளை என் தமக்கையார் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அதனை முதல் தாளாக இம்மேடையில் ஒப்படைத்து அமைகிறேன்.

அருகன் அறம் தழைக்க.