எஞ்சின் ‘உட்கார்ந்த’ கதை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய அன்பர் சிலப்பதிகாரத்தைப் பற்றி இனிமையாகப் பேசி அமர்ந்தார். அச்சுவை உங்கள் செவியில் நிற்கும்போதே, எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்த ஒரு பொருளை ஏந்தி யான் வந்து நிற்கிறேன். மோட்டார் வண்டியைப் பழுது பார்ப்பதில் ஏமாறாதிருப்பது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். ஏமாறாதவர் அன்றோ இதைப் பற்றிப் பேசவேண்டும்? ஏமாந்தவனாகிய என்னை அழைப்பானேன் என்று கேட்டேன். “விலை கொடுத்துக் கற்றவர் நீர்தாமே” என்றார். அந்த விலை ரூ. 48,600.

2022ஆம் ஆண்டு, மே மாதம். ஆக்ராவிலிருந்து தில்லிக்குக் குடும்பத்துடன் திரும்பிக்கொண்டிருந்தோம். வடநாட்டு மே மாத வெயிலை உங்களுக்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஊர் எல்லையை நெருங்கும் வேளையில், அருகிலிருந்த என் மகள், “அப்பா, அந்த முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டதே!” என்றாள். உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினேன். அன்று யான் செய்த அறிவுள்ள செயல் அது ஒன்றுதான். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன என் கையை மனைவி தட்டிவிட்டாள்; இல்லையேல் கொதிநீர் முகத்தில் பாய்ந்திருக்கும்.

இழுவை வண்டி எங்களை ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்தவர் எஞ்சினை ஒரு நிமிடம் பார்த்தார், தலையை ஆட்டினார். “இஞ்சன் பைட் கயா, சாப்” என்றார். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது என்பது அதன் நேர்ப்பொருள். “உட்கார்ந்ததை எழுப்பினால் போயிற்று” என்றாள் என் மனைவி. எழுப்புகிற கூலியைக் கேட்டதும் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம்! ஹெட் கேஸ்கெட் போயிற்று, பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தன, பேரிங்குகளும் மாற்றவேண்டும் என்று அடுக்கினார். யான் எதையும் கேட்கவில்லை. நிரப்பாத ஜாப் கார்டில் கையெழுத்திட்டுக் கொடுத்து வீடு திரும்பினேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த பணம் நினைவில் வந்தது. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

தில்லிக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. காய்கறிக் கடையில் இந்தியில் பேரம் பேசி வெல்வேன். ஆகவே மொழி தெரியாமையால் ஏமாந்தேன் என்று சொல்ல இயலாது. அவர் தமிழிலேயே சொல்லியிருப்பினும் ஏமாந்திருப்பேன். ‘போயிற்று’ என்று அவர் சொன்னார். ‘எதைக் கொண்டு அளந்தீர்?’ என்று யான் கேட்கவில்லை. பிழை முழுவதும் அங்கேதான் இருந்தது.

எட்டு நாள் கழித்து வண்டியை எடுக்கச் சென்றேன். நம் காலனியில் ரயில்வே டீசல் ஷெட்டில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இங்கேதான் அமர்ந்திருக்கிறார், பெயரைச் சொல்லக் கூடாதென்று கட்டளை. புறப்படும்போது அவர் சொன்னார்: “தம்பி, கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி வாரும். ஒன்றையும் விடாதீர்.” கேட்டேன். முகம் சுளித்துக்கொண்டே ஒரு சாக்குப் பையைக் கொடுத்தார்கள்.

பெரியவர் பையை ஒரு செய்தித்தாளின் மேல் கொட்டினார். ரிங்குகளை ஒவ்வொன்றாக எண்ணினார். “உம்முடைய வண்டிக்கு எத்தனை சிலிண்டர்?” என்றார். நான்கு என்றேன். “பிஸ்டன் ஒன்றுக்கு மூன்று ரிங். ஆகப் பன்னிரண்டு இருக்கவேண்டும். இங்கே ஒன்பதுதான் இருக்கின்றன. அளவும் சிறிது. இவை மூன்று சிலிண்டர் வண்டி ஒன்றிலிருந்து கழற்றியவை” என்றார். பட்டியலில் ‘பிஸ்டன் ரிங் 12’ என்று தெளிவாக எழுதியிருந்தது!

அப்பட்டியலின் கடைசி வரியில், ஏதோ கொசுறு போல, ‘தெர்மோஸ்டாட் 1’ என்றிருந்தது. பழையதும் பையில் கிடந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலண்ட் நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, சூடேறியதும் வழி திறந்துவிடும் சிறிய கதவு அது. உள்ளே இருக்கும் மெழுகு வெப்பத்தில் விரிந்து கதவைத் தள்ளும். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தது. 82 பாகை செல்சியஸில் திறக்கத் தொடங்கவேண்டும் என்பது பொருள். “அடுப்பில் வைத்துப் பாரும்” என்றார் பெரியவர். எவர்சில்வர் பாத்திரத்தில் நீர் வைத்து அதை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். நீர் தளதளவெனக் கொதித்தது. கதவு அசையவே இல்லை. கொதிநீர் 100 பாகையன்றோ? வெப்பமானி கூட வேண்டியிருக்கவில்லை. சில நூறு ரூபாய்ச் சாமான் ஒன்று மூடிக்கொண்டதால் வந்த வினை முழுவதும் எங்கள் சமையலறையில் வெளிப்பட்டது. (கூலண்ட் நச்சுப் பொருள், அந்தப் பாத்திரம் மீண்டும் சமையலுக்கு வரவில்லை. அதற்கும் என் கணக்கில்தான் பற்று.)

ஹெட் கேஸ்கெட் உண்மையில் போயிருந்தால் அது தன்னை மறைத்துக்கொள்வது அரிது. ரேடியேட்டரில் குமிழிகள் வரும். எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்த காப்பி நிறத்தில் குழம்பு படியலாம். சூடேறிய பின்னும் பின்குழாயில் வெண்புகை நிற்காது. ரிங் தேய்ந்தால் நீலப்புகை வரும், எண்ணெய் குறையும். கரும்புகை என்றால் பெட்ரோல் மிகையாக எரிகிறது. இவற்றுள் ஒன்றும் என் வண்டியில் இல்லை. இவை யாவும் குறிகளே, அளவு வேறு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அத்துளையில் ஒரு மானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால், சிலிண்டரின் அழுத்தம் எண்ணாகத் தெரியும். இதனையே கம்ப்ரஷன் சோதனை என்பர். பல பெட்ரோல் எஞ்சின்களில் சதுர அங்குலத்துக்கு 150 முதல் 200 பவுண்டு வரை இருக்கும். எண் எவ்வளவு என்பதைக் காட்டிலும், சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வேறுபடுகிறது என்பதே முதன்மையானது. ஒன்றில் குறைந்தால் அதில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பார்கள். எண் ஏறினால் ரிங்கில் குறை. ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ குறை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் இடையிலுள்ள கேஸ்கெட்டைப் பார்க்கவேண்டும். ஒரு மணி நேர வேலைதான். எஞ்சினைத் திறக்குமுன் இந்த எண்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். திறந்து மூடிய பின் அளப்பதால், முன்பு என்ன இருந்தது என்பது விளங்காது. என் வண்டியின் ஹெட்டை அவர்கள் திறந்தார்களா என்பதே இன்றளவும் எனக்குத் தெரியாது.

இக்காலத்தில் ஒரு கருவியைச் செருகி, “கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது” என்பார்கள். கம்ப்யூட்டர் அவ்வளவு சொல்வதில்லை. ‘பி 0301’ என்ற குறி வந்தால், முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதே பொருள். பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராக இருக்கலாம், கம்ப்ரஷனாகவும் இருக்கலாம். குறி நோயின் முகத்தைக் காட்டும். காரணத்தைத் தேடவேண்டியவர் மெக்கானிக்தான்.

மறுநாள் பட்டறைக்குச் சென்று சண்டையிடத் துடித்தேன். பெரியவர் தடுத்தார். நல்ல காலமாக முதல் நாளே பணம் கொடுத்து வண்டியை எடுத்துவிட்டிருந்தேன். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவின்படி, உழைப்பும் திறமையும் செலுத்திய தொழிலாளி தன் உரிய கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளலாம். ஆகவே பட்டறை வாசலில் வழக்காடுவதால் வண்டி வராது. ‘எதிர்ப்புடன் செலுத்தினேன்’ என்று பட்டியலின் பிரதியில் எழுதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் எழுத்தில் கேட்பதே வழி. யான் அவ்வாறு எழுதவில்லை, நீங்கள் எழுதுங்கள். பட்டியல் தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அச்சட்டம் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிட இடம் தருகிறது, ஈராண்டுக்குள் முறையிடவேண்டும், கொடுத்த தொகை ஐந்து இலட்சத்துக்குள் இருப்பின் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

யான் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் எழுதினேன். வசைமொழி ஒன்றும் இல்லை. பன்னிரண்டு ரிங்குகளை வாங்கிய பில்லையும், விலை அச்சிட்ட காலி உறைகளையும் காட்டுமாறு கேட்டேன். ஒன்பது ரிங்குகளின் படத்தை இணைத்தேன். பையன் சாக்கை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று முதலில் பதில் வந்தது. அப்படியாயின் சரியான சாக்கைத் தருக என்று மீண்டும் எழுதினேன். மூன்று வாரம் கழித்து ரூ. 29,000 திரும்பி வந்தது. மீதிக்காக வழக்குத் தொடுக்க எனக்குத் தெம்பு இல்லை. மகளின் கட்டணத்துக்குக் குறைந்ததை மைத்துனரிடம் கடன் வாங்கினேன்.

இனி நம் பங்குக்கு வருகிறேன். சிலர் கோபித்துக்கொண்டாலும் சரி. அந்த ஆண்டே மற்றொரு நாள் வண்டியில் ஏதோ கிறீச்சிட்டது. தெருமுனை மெக்கானிக் அரை மணி நேரம் படுத்துப் பார்த்து, “ஒன்றும் கெடவில்லை, தகட்டில் கல் சிக்கியிருந்தது” என்றார். “எதையும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?” என்று கேட்க என் வாய் வரை வந்துவிட்டது. மருத்துவர் நோயில்லை என்று சொன்னால் கட்டணம் கொடுக்கிறோம். மெக்கானிக் அவ்வாறு சொன்னால் வெறுங்கையுடன் அனுப்புகிறோம். உண்மை சொன்னவனுக்குக் கூலி இல்லை, சாமான் விற்றவனுக்கு உண்டு என்று நாமே பழக்கிவைத்திருக்கிறோம். அன்று அவருக்கு ரூ. 300 கொடுத்தேன். வாங்க மறுத்துப் பின்பு வாங்கிக்கொண்டார். அதன் பின் என் வண்டி அவரிடமே போகிறது.

பெரியவர் ஒரு கம்ப்ரஷன் மானி வாங்கியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூங்காவின் வேப்பமரத்தடியில் அதைப் பயன்படுத்தும் முறையைக் காட்டுவார். தாய்மார்களும் வரவேண்டும், என் வீட்டில் முள்ளைக் கண்டவளும் கையைத் தட்டிவிட்டவளும் பெண்களே. எஞ்சின் சூடேறியிருக்கவேண்டுமாதலால் வண்டியை முதல் நாள் இரவே அங்கே நிறுத்திவிடாமல், ஓட்டிக்கொண்டு வாருங்கள். வண்டியின் கையேட்டை மட்டும் மறவாது கொண்டு வாருங்கள்.