தூய்மை கையில் உள்ளது



பிறக்கும்பொழுது 1,500 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள குழவியை ‘மிகக் குறைந்த எடைக் குழந்தை’ என்பர் மருத்துவர். அதன் தோல் மெல்லியது. கருக்காலத்தின் இறுதி மூன்று மாதங்களில் தாயிடமிருந்து வந்து சேரவேண்டிய நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதற்கு முழுமையாகக் கிட்டுவதில்லை. அதன் உயிரைக் காக்க நாம் செலுத்தும் குழாய்களே கிருமிகளுக்கும் வாயிலாகிவிடுகின்றன. இக்கிருமிகள் பெரும்பாலும் பிள்ளையைத் தொடும் கைகளின் வழியே பரவுகின்றன.

யாருடைய கைகள்? 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மெல்வெய்ஸ் இக்கேள்வியை எழுப்பினார். பிணப் பரிசோதனை செய்த கையோடு மகப்பேற்று அறைக்கு வந்த மருத்துவர்களும் மாணவர்களுமே காய்ச்சலைச் சுமந்து வந்தனர் என்று கண்டார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். தாய்மாரின் சாவு பெரிதும் குறைந்தது. ஆயினும் கற்றோர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். தூய்மை பிறப்பாலோ பட்டத்தாலோ வருவதன்று. கை கழுவுவதால் வருவது. தீட்டென்னும் பொய்யைச் சுமக்க வைக்கப்பட்ட நமக்கு இவ்வுண்மையை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

கிருமியைத் தடுப்பதாகக் கூறித் தாயையே வெளியில் நிறுத்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றில் இரு குழந்தைகள் கிடந்தன, தொற்று பெருகியது. மருத்துவர் எட்கார் ரே குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டச் செய்தார். அதுவே இன்று கங்காரு முறை எனப்படுகிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக நலவாழ்வு நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளின் உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனே தாயோடு சேர்த்தபொழுது, 28 நாள்களுக்குள் நேரும் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. கை கழுவிய தாய் அயலாள் அல்லள், அவளே காவல்.

செய்யவேண்டியவை எளியவை. ஒவ்வொரு குழந்தையையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுக. மோதிரமும் வளையலும் களைக. சோப்பும் நீருமாயின் 40 முதல் 60 விநாடி, சாராயக் கரைசலாயின் 20 முதல் 30 விநாடி தேய்க்க. சீம்பாலை ஒரு துளியும் வீணாக்கற்க. தேவையற்ற குழாயை அன்றே அகற்றுக. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் காரணமின்றித் தொடரற்க.

இவற்றுக்கு நீர் வேண்டும். போதிய செவிலியர் வேண்டும். ஒரு செவிலி பல குழந்தைகளுக்கிடையே ஓடும் இடத்தில் கை கழுவும் நேரமே முதலில் களவு போகிறது. தரையையும் தொட்டியையும் துடைக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் கையுறையும் பயிற்சியும் மதிப்பும் வேண்டும். அவரும் அவ்வுயிரைக் காப்பவரே.

மாணவியரே, நாளை அவ்வறைகளுக்கு நீங்கள் செல்வீர்கள். கை கழுவாது தொட வருபவர் எத்துணைப் பெரியவராயினும், “முதலில் கை கழுவுங்கள், ஐயா” என்று சொல்லும் துணிவே இக்கழகம் உங்களுக்கு அளித்த கல்வியின் பயனாகுக.