டாக் அடிப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாழும் மரபைக் கொண்டு ஒரு நகரத்தின் பெயரை உலகறியச் செய்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கொல்கத்தாவில் வாழ்கிற நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தாவின் துர்க்கா பூஜையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வர்க்கம், மதம், இனம் என்ற வேலிகள் அந்த நாட்களில் விழுந்துவிடுகின்றன என்று பாராட்டியது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பெருமையைத் தம் கையால் செய்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற கணக்கைத்தான் நான் இன்று கேட்க வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சிறு வரலாறு. 1757இல் பிளாசிப் போரில் கிளைவ் வென்ற கையோடு ஷோபாபஜார் ராஜா நபகிருஷ்ண தேவ் தம் மாளிகையில் பெரிய பூஜை நடத்தினார். வெள்ளைக்கார துரைகளுக்கு விருந்தும் வேடிக்கையும் அங்கே. ஏழைக்கு அந்த வாசலில் என்ன மரியாதை இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு தெருவார் சந்தா போட்டு, எல்லோருக்குமான ‘சர்வஜனீன’ பூஜையாக அதை வெளியே கொண்டு வந்தார்கள். 1926இல் சிம்லா வியாயாம சமிதி நடத்திய பூஜை அப்படிப்பட்டது. அதை நடத்தியவர்கள் விடுதலைப் போராட்ட இளைஞர்கள். ஆகவே இன்று உலகம் மெச்சுகிற பூஜை அரண்மனை தந்த கொடையல்ல, தெரு தந்தது.

இனி குமார்துலிக்கு வாருங்கள். பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. மூங்கில் சட்டம், அதன்மேல் வைக்கோல், வைக்கோல்மேல் கங்கைக் களிமண். அம்மனுக்குச் சூட்டும் வெள்ளை அணிகலன்களைச் ‘சோலா’ என்கிறார்கள். அது வேறொன்றுமல்ல, நம் தஞ்சாவூரில் கோயில் கோபுரமும் தாஜ்மகாலும் செய்கிறார்களே, அதே நெட்டிதான். கடைசியில் கண் திறப்பது மஹாளய அமாவாசையன்று. பெண்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்றிருந்த தெருவில் மாலா பால், சீனா பால் ஆகியோர் தந்தையின் மறைவுக்குப் பின் துணிந்து வந்து பெயர் பெற்றார்கள். ஆனால் மழை பெய்தால் இன்றைக்கும் பிளாஸ்டிக் தாள் போர்த்தித்தான் அம்மனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இடத்தை இடித்து நல்ல கட்டடம் கட்டித் தரும் திட்டமும் ஒருமுறை வந்து, பாதியில் நின்று போயிற்று.

டாக் அடிப்பவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசப் போகிறேன். பூஜைக்கு இரண்டொரு நாள் முன்பு சியால்தா ரயிலடி வாசலுக்குப் போனால் தெரியும். பாங்குரா, பர்த்வான், முர்ஷிதாபாத் கிராமங்களிலிருந்து வந்திறங்கிய டாக்கிகள், இறகு வைத்துக் கட்டிய பெரிய மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டங்கூட்டமாய் அடித்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் ஒரு சிறுவன் வெண்கலத் தட்டு அடிப்பான். பூஜைக் கமிட்டிக்காரர்கள் வந்து காது கொடுத்துக் கேட்டு, பேரம் பேசி அழைத்துப் போவார்கள். யாரும் அழைக்காதவன் பிளாட்பாரத்திலேயே படுப்பான். வேலை தேடி வெளியூர் போய், தெருமுனையில் நின்று, வருகிறவன் முகத்தைப் பார்த்துக் கூலி பேசிய பரம்பரை நாம். இந்தக் காட்சியின் அர்த்தம் நமக்குப் புரியாதா?

இன்னொன்றும் நமக்குப் புரியும். தோல் கருவியைத் தொடுகிற சாதி என்று ஒதுக்கப்பட்ட மக்களே பெரும்பாலும் டாக்கிகள். மேளம் இல்லாமல் பூஜை இல்லை, மேளக்காரனுக்கோ ஊரில் சம இடம் இல்லை. நம் ஊரில் பறைக்கு நேர்ந்ததும் இதுதானே! 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே ஆண்டு, அதே பட்டியலில், வங்காளத்து டாக்கி கோகுல் சந்திர தாஸுக்கும் பத்மஸ்ரீ. பெண்களுக்கு டாக் கற்றுக் கொடுத்து ஒரு குழுவையே உருவாக்கியவர் அவர். இரண்டு தோல் கருவிகள், இரண்டு மாநிலங்கள், ஒரே கதை.

பணக் கணக்குக்கு வருவோம். 2019ஆம் ஆண்டுப் பூஜையையொட்டிய படைப்புத் தொழில்களின் மதிப்பு 32,377 கோடி ரூபாய் என்று பிரிட்டிஷ் கவுன்சில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மாநில அரசு பூஜைக் கமிட்டி ஒவ்வொன்றுக்கும் 2018இல் 10,000 ரூபாய் கொடுத்தது. 2025இல் அது 1,10,000 ரூபாய். அரசு கலைஞருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமல்ல. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2014இல் தொடங்கிய ‘லோக் பிரசார்’ திட்டத்தில் பதிவு செய்தவருக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தார்கள். பதினோரு மடங்கு ஏறிய கமிட்டிப் பணத்தையும் இந்த ஆயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பந்தல் வளர்ந்த வேகத்தில் மேளக்காரனின் கூலி வளரவில்லை.

மரபு என்றால் சாமியும் மேளமும் மட்டுந்தானா? கொல்கத்தாவின் ட்ராமும் மரபுதான், உழைப்பாளியின் மரபு. 1873இல் குதிரை இழுத்தது, 1902இல் மின்சாரம் வந்தது. நம் சென்னை இதில் முன்னோடி; 1895லேயே அங்கே மின்சார ட்ராம் ஓடிற்று. கம்பெனி நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் நின்றது. அதே 1953 ஜூலையில் இங்கே வெள்ளைக்காரக் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் ஒரு பைசா ஏற்றியது. அந்த ஒரு பைசாவுக்காக நகரமே தெருவில் இறங்கியது. தடியடிக்கும் சிறைக்கும் அஞ்சாமல் நின்று, ஏற்றிய பைசாவை இறக்க வைத்தது. அப்படிக் காத்த ட்ராமை, போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டு, எஸ்பிளனேடிலிருந்து மைதானம் வரை மட்டும் மரபுச் சின்னமாக ஓட்டப் போவதாக 2024 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. வேலைக்குப் போக உதவாத ட்ராம், வெளியூரார் ஏறிப் படம் பிடிக்க மட்டும் உதவுமாம்! இதைத்தான் நான் எதிர்க்கிறேன். பயன்பாட்டைப் பிடுங்கிக்கொண்டு பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் அது வாழும் மரபா, பாடம் பண்ணி வைத்த புலியா?

லேக் மார்க்கெட்டில் மல்லிகைச் சரமும் கறிவேப்பிலையும் வாழையிலையும் விற்பதும் இந்த நகரின் வாழும் மரபில் சேர்ந்ததுதான். ராஷ்பிஹாரி அவென்யூ ட்ராமில் ஏறி ஆபீசுக்குப் போன நம் பெரியவர்கள் இங்கே கொண்டு வந்து வைத்த பழக்கங்கள் அவை. ஆகவே நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். பூஜைக்குச் சந்தா கொடுக்கிறோம், சிலர் கமிட்டியிலும் இருக்கிறீர்கள்.

எனவே இந்த ஆண்டு சந்தாப் புத்தகத்தோடு பையன்கள் வாசலுக்கு வரும்போது, பணத்தைக் கொடுங்கள்; கொடுத்துக்கொண்டே கேளுங்கள். டாக்கிக்கு எவ்வளவு பேசியிருக்கிறீர்கள்? அதை எழுத்தில் கொடுத்தீர்களா? ஐந்து நாளும் அவர் படுக்க இடம் எங்கே, இரண்டு வேளைச் சோறு யார் பொறுப்பு, ஊர் திரும்ப ரயில் காசு கூலியில் சேர்த்தியா, தனியா? கூட வரும் சிறுவனுக்குத் தனிக் கூலி உண்டா? கமிட்டியில் இருக்கும் நம் தோழர்கள் இதையே முதல் கூட்டத்தில் எழுப்பி, நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். என்ன பதில் வந்தது என்பதைச் சங்கத்துக்குத் தெரிவித்தால், பூஜை முடிந்த அடுத்த மாத இதழில் தெருவாரியாக வெளியிடலாம் என்று ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.