தாவலும் ஓட்டமும்

சேர்வராயன் மலையிலுள்ள எங்கள் கொட்டச்சேட்டில் பனிமூட்டம் உண்டு. வெண்பனிப் பொழிவு இல்லை. கோடை மழைக்குப்பின் காப்பிச் செடிகள் பூத்துத் தோட்டமெல்லாம் வெள்ளை போர்த்துக் கிடக்கும். நாங்கள் கண்ட வெண்பனி அதுவே. ஆயினும் இன்று நான் சொல்லப் புகுவது பனிநாட்டு விளையாட்டு ஒன்றைப் பற்றியது.

நார்டிக் கூட்டுப் பனிச்சறுக்கு என்பது அதன் பெயர். காலிற் சறுக்குக் கட்டைகளைப் பூட்டிய வீரர், முதலில் செங்குத்தான சரிவில் விரைந்து வந்து வெளியிற் பாய்வர். பின்னர்ப் பனிவெளியில் நெடுந்தொலைவு ஓடுவர். தாவலிற் பெற்ற மதிப்பெண் ஓட்டத்தில் நேரமாக மாறும். தனிநபர் போட்டியில் 15 மதிப்பெண் ஒரு நிமிடத்திற்குச் சமம். முன்னின்றவர் முதலிற் புறப்படுவார்; பின்தங்கியவர் அத்தனை நேரம் காத்திருந்து புறப்படுவார். எல்லைக்கோட்டை முதலிற் கடப்பவரே வென்றவர். தாவத் துணிவு வேண்டும். ஓடப் பொறுமை வேண்டும். இரண்டும் ஒருவரிடம் அமைதல் அரிது.

ஆடவர்க்கு இப்போட்டி 1924-ஆம் ஆண்டுச் சமோனி ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. உலகக் கோப்பைப் பருவங்கள் 1983-இல் தொடங்கின. மகளிரின் உலகக் கோப்பையோ 2020 டிசம்பரில்தான் பிறந்தது. பெருந்தொற்றினால் மற்றவை கைவிடப்பட, அம்முதற் பருவத்தில் ஆஸ்திரியாவின் ராம்சாவில் ஒரே ஒரு போட்டி நடந்தது. அமெரிக்காவின் தாரா கெராட்டி-மோட்ஸ் வென்றார்.

ஆயினும் 2026-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் மகளிர் பிரிவைச் சேர்க்கப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2022 ஜூனில் மறுத்தது. பங்குகொள்ளும் நாடுகள் சில, பார்ப்போர் குறைவு என்பன காரணங்கள். மகளிர்க்கு நெடுந்தொலைவுச் சறுக்கோட்டம் 1952 முதலும், தாவல் 2014 முதலும் ஒலிம்பிக்கில் உண்டு. பாதிகள் இரண்டும் தகுமாம். முழுமை மட்டும் தகாதாம்!

அச்செய்தியைப் படித்தபோது என் தவறு ஒன்று நினைவுக்கு வந்தது. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, விளையாட்டு விழாவில் மாணவியர் நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு மூவரே பெயர் கொடுத்தனர். ஆள் போதாதென்று பட்டியலிலிருந்து அதனை அடித்துவிட்டேன். மறு ஆண்டு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. மாணவியர்க்கு ஆர்வமில்லை என்று நானே பிறரிடம் சொன்னேன். ஆர்வத்தை அடித்தது என் பேனா என்பதை உணரப் பல்லாண்டுகள் ஆயின.

மாணவர்களே, நாளை உங்கள் கையிலும் ஒரு பட்டியல் வரும். மூவரே வந்தாலும் கோட்டைக் கிழித்து அவர்களை ஓடவிடுங்கள். பின்தங்கிப் புறப்பட்டவரும் வெல்லலாம். புறப்படவே விடாதவர் வெல்லுதல் எங்ஙனம்?