தண்ணீரைத் தேடி வாழும் உடும்பு



நம் ஊர்ப் பக்கம் காடுமேடுகளில் திரியும் உடும்பை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு பெரிய உறவினர் உண்டு. அதுதான் நீர் உடும்பு. இலங்கையில் இதைக் கபரகொய்யா என்பார்கள். சாதாரணமாக ஐந்தாறு அடி நீளம் இருக்கும். கண்டியில் பதிவான ஒன்று 3.21 மீட்டர்!

தமிழ்நாட்டில் இது இல்லை. இந்தியாவில் இதைக் காண ஒடிசாவின் பித்தர்கனிகா, வங்கத்தின் சுந்தரவனம், வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் நிக்கோபார் என்று போக வேண்டும். அங்கிருந்து மியன்மார், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா என்று இதன் எல்லை நீளுகிறது.

அலையாத்திக் காடு, ஆற்றங்கரை, சதுப்பு நிலம் எல்லாமே இதற்கு வீடுதான். பக்கவாட்டில் தட்டையான வால் துடுப்புப்போல் உதவுவதால் உப்பு நீரிலும் நீந்தும். தீவுக்குத் தீவு பரவியதும் அப்படித்தான். பாங்காக் நகரின் நடுவே லும்பினி பூங்காக் குளத்தில்கூட இது வாழ்கிறது.

மீன், நண்டு, எலி, முட்டை எதையும் தின்னும். செத்த விலங்குகளையும் தின்று நீர்நிலையைச் சுத்தமாக்கும். ஆனால் தோலுக்காக இதை லட்சக்கணக்கில் கொன்றிருக்கிறார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இதைப் பாதுகாக்கிறது.

சட்டம் மட்டும் போதாது, நேயர்களே. சதுப்பு நிலத்தைக் குப்பைமேடாக்காமல் விட்டாலே போதும், இப்படி எத்தனையோ உயிர்கள் பிழைத்துக்கொள்ளும்.