ஆங்கில இலக்கியத் தேர்வும் நம் மாணவர்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரை)

 

25 ஆண்டுகளைக் கடந்து நிற்கும் ஒரு கல்விச் சங்கத்தின் விழா மேடையில் பேச வருவோர், கடந்த காலச் சாதனைகளைப் பாராட்டுவது மரபு. அப்பணியைப் பிறருக்கு விட்டுவிட்டு, சிறிய பொருள் ஒன்றைப் பற்றிப் பேச உங்கள் இசைவை வேண்டுகிறேன். பத்தாம் வகுப்பு மாணவர்களை ஆங்கிலத் தேர்வுக்கு, சிறப்பாக அத்தேர்வின் உரைநடை, செய்யுள், துணைப்பாடம் ஆகிய இலக்கியப் பகுதிகளுக்கு, எவ்வாறு திருப்புதல் செய்விப்பது என்பதே அப்பொருள். பொருள் சிறியதுதான். ஆனால், நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் மேற்படிப்பின் வாயிலில் இடறி விழுந்தது இந்தச் சிறிய படியில்தான் என்பதை இங்குள்ள பெற்றோர் அறிவர்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாலை வகுப்பில் நான் ஆங்கிலம் கற்பித்தேன். பாடத்தை ஒருமுறை படித்துக் காட்டுவேன். பின் வினாக்களுக்குரிய விடைகளைச் சொல்லச் சொல்ல, மாணவர் எழுதிக் கொள்வர். மறுநாள் அவற்றை ஒப்பிப்பர். ஓர் எழுத்தும் பிறழாமல் ஒப்பிக்கும் மாணவி ஒருத்தி இருந்தாள். என் கற்பித்தலுக்கு அவளே சான்று என்று பெருமை கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வில் அவள் தேர்ச்சி பெறவில்லை. விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். 'கடைசிப் பாடம்' என்னும் கதையில் ஆசிரியர் ஹாமெலின் பண்புகளை நான் எழுதக் கொடுத்திருந்தேன். தேர்விலோ, சிறுவன் ஃபிரான்ஸின் மனம் எவ்வாறு மாறியது என்று கேட்டிருந்தனர். அவள் ஹாமெலைப் பற்றிய பத்தியை அப்படியே எழுதியிருந்தாள். அடுத்த வினாவிலும் அதுவே நேர்ந்திருந்தது.

"எனக்கு இங்கிலீஷ் வராது ஐயா. அப்பா மில்லுக்கு வரச் சொல்றாங்க" என்றாள் அவள்.

அன்று அவளிடம் நான் கேட்டேன்: "விடையை விடு. அந்தக் கதையில் என்ன நடந்தது? தமிழிலேயே சொல்." அவள் மௌனமாக நின்றாள். நான்கு மாதம் அந்தப் பாடத்தை ஒப்பித்தவளுக்கு அதன் கதை தெரியவில்லை. குற்றம் அவளுடையதன்று, என்னுடையது. மனப்பாடம் செய்யத்தான் நம் பிள்ளைகளுக்கு வரும் என்று வெளியே சிலர் ஏளனம் பேசுகின்றனர். அந்த ஏளனத்திற்கு இடம் கொடுத்தது நம் கற்பித்தல் முறையே அன்றிப் பிள்ளைகளின் அறிவு அன்று.

'கடைசிப் பாடம்' கதையை இங்குள்ள மாணவர்கள் அறிவார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே 1873இல் வெளியிட்ட தொகுதியில் உள்ள கதை அது. 2019இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஆங்கில வடிவில் இடம் பெற்றது. 1870, 1871ஆம் ஆண்டுகளின் போரில் பிரான்சு தோற்றது. அல்சேசு, லொரேன் பகுதிகளில் இனி ஜெர்மன் மொழியே கற்பிக்கப்பட வேண்டும் என்று பெர்லினிலிருந்து ஆணை வருகிறது. பாடம் படிக்காமல் அஞ்சி அஞ்சிப் பள்ளிக்கு வரும் ஃபிரான்ஸ், அன்றுதான் தன் தாய்மொழியின் கடைசி வகுப்பு என்று அறிகிறான். ஒப்பிக்க எழுந்தவன் முதற் சொற்களிலேயே குழம்பி நிற்கிறான். ஆசிரியர் அவனைக் கடியவில்லை. நாளை படிக்கலாம் என்று நாளைக் கடத்திய மாணவர்களையும், பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய பெற்றோரையும் சொன்னவர், தம் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற மாணவரை அனுப்பிய தம் தவற்றையும் ஒப்புக்கொள்கிறார். வகுப்பின் பின் வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஹாசர் என்னும் கிழவர், ஓரம் நைந்த அரிச்சுவடியை விரித்து வைத்துக்கொண்டு, சிறு குழந்தைகளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டுகிறார்.

இந்தக் கதையை என் மாணவிக்குத் தமிழில் சொன்னேன். அவள் கண்கள் அந்தக் கிழவரிடம் நிலைத்தன. "எங்க பாட்டி மாதிரி" என்றாள். அந்த இடத்திலிருந்துதான் அவளுடைய உண்மையான படிப்புத் தொடங்கியது.

அன்பர்களே! இதனால் நான் சொல்ல வருவது ஒன்றே. திருப்புதல் என்பது புத்தகத்தை மீண்டும் மீண்டும் படிப்பதன்று. புத்தகத்தை மூடிவிட்டுப் பிறருக்குச் சொல்லிப் பார்ப்பதே.

இஃது என் அனுபவம் மட்டுமன்று. ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. மாணவருள் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு வேளையும் படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு வேளை படித்து, மூன்று வேளை புத்தகமின்றி நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் முன்னே நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நிலை தலைகீழாயிற்று. படித்தவர்களின் நினைவில் நின்றது நூற்றுக்கு 40 பங்கு. நினைவுகூர்ந்து பழகியவர்களுக்கு 61 பங்கு. தேர்வுக்கு முந்திய இரவில் கைடைப் புரட்டும் மாணவன், 'எல்லாம் தெரிகிறது' என்று மயங்குவதன் காரணம் இதுவே. கண்முன் உள்ள எழுத்து தெரிந்ததுபோல் தோன்றும். தாளை விரித்த பின்னரே தெரியாமை வெளிப்படும்.

இனி, இதனை மாலை வகுப்பில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதைச் சொல்கிறேன்.

ஒன்று, கதை சொல்லுதல். ஒவ்வொரு பாடத்தையும் மாணவர் முதலில் தமிழில் சொல்ல வேண்டும். யார், எங்கே, என்ன நடந்தது, எந்த இடத்தில் கதை திரும்பியது, ஏன் என்னும் ஐந்துக்கும் விடை வர வேண்டும். அதன் பின் அதே கதையைப் பத்துச் சிறிய ஆங்கில வாக்கியங்களில் சொல்ல வேண்டும். பிழை வரும், வரட்டும். கதை முழுவதும் சொல்லி முடித்த பிறகே பிழை திருத்த வேண்டும். வாக்கியந்தோறும் இடைமறித்துத் திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கதையின் ஒழுங்கு மனத்தில் அமைந்துவிட்டால், நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தும் வினாவும், குறிப்புகளைக் கொண்டு துணைப்பாடக் கதையை விரித்தெழுதும் வினாவும் எளிதாகும்.

இரண்டு, வினாவைப் படித்தல். என் மாணவி தவறியது விடையில் அன்று, வினாவில். ஒரே பாடத்திலிருந்து ஐந்து வகையான வினாக்களை மாணவரே ஆக்கட்டும். ஹாமெலைப் பற்றி ஒன்று, ஃபிரான்ஸைப் பற்றி ஒன்று, ஊராரைப் பற்றி ஒன்று, தலைப்பைப் பற்றி ஒன்று, முடிவைப் பற்றி ஒன்று. பின், ஒவ்வொரு வினாவிலும் எது கேட்கப்படுகிறது என்னும் சொல்லின்கீழ்க் கோடிடச் செய்யுங்கள். விடையின் முதல் வாக்கியம் அந்தச் சொல்லுக்கு நேராகப் பதில் கூற வேண்டும். அடுத்த மூன்று நான்கு வாக்கியங்கள் கதையிலிருந்து சான்று காட்ட வேண்டும். முடிவு வாக்கியம் ஒன்று போதும்.

மூன்று, செய்யுள். ஆங்கிலச் செய்யுள் என்றால் நம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். அவர்களிடம் ஏற்கெனவே உள்ள செல்வத்தை நாம் நினைவூட்டினால் அச்சம் நீங்கும். தமிழ் வகுப்பில் உவமையணி கற்றவனுக்குச் 'சிமிலி' புதிதன்று. உருவக அணி கற்றவனுக்கு 'மெட்டஃபர்' புதிதன்று. முதலெழுத்து ஒலி ஒன்றி வருவது 'அலிட்டரேஷன்' என்றால், நம் மோனையை நினைக்கட்டும். அடியின் இறுதி ஒத்திசைப்பது 'ரைம்' என்றால், நம் இயைபை நினைக்கட்டும். ஹென்றி வான் டைக் வாழ்வை ஒரு வழிப்பயணமாகக் காண்கிறார், அஃது உருவகம். கிப்ளிங்கின் செய்யுளில் இயந்திரங்களே தம்மைப் பற்றிப் பேசுகின்றன. உயிரற்ற பொருளுக்கு மனிதத் தன்மை ஏற்றப்படுகிறது. அணியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எதனை எதுவாகச் சொன்னார், ஏன் சொன்னார் என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதப் பழக்குங்கள்.

மனப்பாடச் செய்யுளுக்கு எளிய வழி ஒன்று உண்டு. செய்யுளைக் கரும்பலகையில் முழுவதும் எழுதி அனைவரும் உரக்கப் படிக்கட்டும். பிறகு அடிக்கு ஒரு சொல்லாக அழித்துவிட்டு மீண்டும் படிக்கட்டும். இவ்வாறு அழித்துக்கொண்டே போனால், பலகை வெறுமையாகும்போது செய்யுள் மனத்தில் இருக்கும். பின் அதை எழுதிப் பார்த்து, எழுத்துப் பிழையையும் நிறுத்தக் குறிகளையும் நூலோடு ஒப்பிட வேண்டும்.

நான்கு, இடைவெளி. இன்று சொல்லிய கதையை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரத்தில் ஒருமுறை, மூன்று வாரத்தில் ஒருமுறை சொல்லச் செய்யுங்கள். ஒரே நாளில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, அந்த நேரத்தைப் பல நாட்களுக்குப் பங்கிடுவது நினைவில் நிற்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்த மறு வாரமே இதனைத் தொடங்கிவிட வேண்டும். வாரம் ஒருமுறை பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதட்டும். தம் பிழைகளைத் தனிக் குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். தேர்வுக்கு முந்திய நாளில் புரட்ட வேண்டியது அந்தக் குறிப்பேட்டையே.

தாய்மார்களே! இனி நான் உங்களிடம் பேச வேண்டும். "எங்களுக்கு எழுத்தே தெரியாது, இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைக்கு நாங்கள் என்ன உதவ முடியும்?" என்று கேட்பீர்கள். உங்களால் ஆகும் உதவியை என்னாலும் செய்ய இயலாது. பாடத்தை முன்பே அறிந்த என்னிடம் பிள்ளை பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடும். நீங்கள் கதை அறியாதவர்கள். ஆகவே உங்களுக்கு விளங்குமாறு முழுவதும் சொல்லியாக வேண்டும். அடுப்படியில் இருந்தபடியே, "அப்புறம் என்ன ஆச்சு? அந்தப் பையன் ஏன் அழுதான்?" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறும் இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம். அந்த மாணவியின் பாட்டி இரவுதோறும் கேட்டார். ஒரு கதைக்கு, "அந்த வாத்தியார் இத்தனை நாள் எங்கே போயிருந்தார்?" என்று அவர் கேட்ட கேள்விக்கு விடை தேட, அவள் பாடத்தை மீண்டும் எடுத்தாள். பொதுத் தேர்வில் அவள் முதல் மாணவியாக வந்துவிடவில்லை. தேர்ச்சிக்கு வேண்டிய 35 மதிப்பெண்ணைக் கடந்து, 58 பெற்றாள். மில்லுக்குப் போகாமல் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். எனக்கு அது போதும்.

வீட்டில் படிக்க இடமில்லை என்பதும் உண்மையே. பம்பாயில், பரேல் பகுதியில், ஒரே அறை கொண்ட குடியிருப்பில் வளர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். வீட்டார் உறங்கும் வேளையில் தந்தையார் இராம்ஜி அவரை எழுப்பிப் படிக்கச் செய்தார். 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். இதைச் சொல்வது, இடமின்மையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதற்காக அன்று. ஒருவர் தேறுவதற்குப் பின்னால் விழித்திருந்த இன்னொருவர் இருந்தார் என்பதற்காகவே. இன்று அந்த விழித்திருக்கும் பணியைச் சங்கத்தின் கட்டடம் செய்யலாம். தேர்வுக் காலத்தில் இரவு பத்து மணி வரை இம்மன்றத்தின் விளக்கு எரிய வேண்டும் என்று நிருவாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இளைஞர்களே! பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் கல்லூரியில் பயில்பவர்களும் உங்களுள் பலர். "எங்களுக்கே ஆங்கிலம் நன்றாக வராதே" என்று தயங்க வேண்டா. விடை சொல்லித் தர உங்களை அழைக்கவில்லை. கேள்வி கேட்கவும், பொறுமையாகக் கேட்டிருக்கவும் அழைக்கிறேன். ஒருவர் இரண்டு மாணவரை ஏற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று மாலை, ஒரு மணி நேரம் போதும். அவர்கள் கையில் உள்ள கைடைப் பிடுங்கவும் வேண்டா. அதை மூடி வைத்துவிட்டு, "இப்போது நீ சொல்" என்று மட்டும் சொல்லுங்கள்.

ஃபிரான்ஸுக்குக் காலம் கடந்த பின்னரே பாடம் இனித்தது. நம் பிள்ளைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. நாளை மாலை ஆறு மணிக்கு வகுப்பு உண்டு. பின் வரிசையில் பெரியவர்களுக்கும் இடம் உண்டு.