சமரசத்தில் போடும் கையெழுத்து

இன்று நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையத்தின் நடைமுறை ஒன்றைச் சொல்கிறேன்.

அங்கே அரசுக் குடியிருப்பில் ஒரு தாய் வாடகைக்கு இருக்கிறார் என்று வையுங்கள். மகன் போதைப்பொருள் வழக்கில் சிக்கினால், குடும்பமே வீட்டை இழக்கலாம். "எனக்குத் தெரியாது" என்று சொன்னாலும் காப்பாற்றாது. 2002-இல் ரக்கர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது.

அதனால் பலர் சமரசத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். நிபந்தனை இதுதான்: மகன் அந்த வீட்டில் வசிக்கக் கூடாது, விருந்தாளியாகவும் வரக் கூடாது. ஆணையத்தின் ஆட்கள் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். ஒருவேளைச் சோற்றுக்கு மகன் வந்திருந்தாலும் அது மீறல்தான். பிறகு விசாரணையில் முக்கியக் கேள்வி ஒன்றுதான்: கையெழுத்துப் போட்டீர்கள், காப்பாற்றினீர்களா? நீதிமன்றம் போனாலும், தாமே ஒப்புக்கொண்ட நிபந்தனை என்பதால் வெல்வது கடினம்.

மகன் திருந்தியிருந்தால் தடையை நீக்கக் கோரி விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் கதவைத் திறப்பதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

நாமும் பார்க்கிங், பராமரிப்புப் பாக்கி என்று சண்டை தீர்ந்தால் போதும் என எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பேனாவை எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை வருடக்கணக்கில் என்னால் காப்பாற்ற முடியுமா? முடியாதென்றால் அப்போதே சொல்லி நிபந்தனையை மாற்றிக் கேளுங்கள்.